கான்கிரீட்டுக்கு நல்ல நேரம்

டீயில் நான் இன்னும் வாய் வைக்கவில்லை. மேனேஜர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து "ஆ, பெர்ஃபெக்ட் டைமிங்!" என்றார். அவர் அப்படிச் சொன்னால் என் டீ ஆறப்போகிறது என்று அர்த்தம். அவர் இங்கே வந்த மூன்று வருடமாகப் பார்க்கிறேன், நான் அவர் கண்ணில் படுகிற எந்த நேரமும் அவருக்குப் பெர்ஃபெக்ட் டைமிங்தான். அடுத்த நொடி என் கையில் ஒரு கோப்புக் கட்டோ, பேப்பர் சிக்கிய பிரிண்டரோ, யாரோ கொட்டிவிட்டுப் போன காபியோ வந்து சேரும். அன்றைக்கு வந்தது ஜன்னல் துடைக்கிற துணி. "முதலாளி பத்து மணிக்கு வர்றார். கண்ணாடியில சிமென்ட் தூசி இருக்கக் கூடாது" என்றார். கான்கிரீட் கலக்கிற இடத்தில் தூசி இருக்கக் கூடாது என்பது குளத்தில் ஈரம் இருக்கக் கூடாது என்பது மாதிரி. துணியை வாங்கிக்கொண்டேன்.

எங்கள் ஆபீஸ், வண்டிகளை எடை போடுகிற மேடைக்குப் பக்கத்தில் நாலு இரும்புக் கால்களில் நிற்கும் ஒரு பெட்டி. கீழே மிக்சர் வண்டிகள் வரிசையாக வந்து, கலவை இயந்திரத்துக்கு அடியில் பின்பக்கத்தைக் காட்டி நின்று, டிரம்மை நிரப்பிக்கொண்டு போகும். நிரம்பிய ஒவ்வொரு வண்டிக்கும் நான் ஒரு சீட்டு எழுதுவேன். என்ன கலவை, எத்தனை கன மீட்டர், எந்த இடத்துக்கு, சிமென்டில் தண்ணீர் பட்டது எத்தனை மணிக்கு. அந்தக் கடைசி வரிதான் உயிர். தண்ணீர் பட்ட நிமிடத்திலிருந்து தொண்ணூறு நிமிடம். அதற்குள் இறக்கியாக வேண்டும். தாண்டினால் டிரம்முக்குள் இருப்பது கான்கிரீட் இல்லை, பதினாலு டன் தலைவலி. டிரைவர்கள் என்னைச் சீட்டக்கா என்பார்கள். ஒருத்தர் மட்டும் அக்கா போட மாட்டார். அவர் பதினோராம் நம்பர் வண்டி ஓட்டுகிறார், என் வீட்டுக்காரர்.

எனக்கு வேண்டியிருந்தது ஜன்னலோரம் இருக்கிற கன்ட்ரோலர் வேலை. எந்த வண்டி எப்போது நிரப்புவது, எங்கே போவது, எதை நிறுத்துவது எல்லாம் அந்த நாற்காலியிலிருந்துதான். ஒரு கையில் ரேடியோ, ஒரு கையில் போன். பழைய கன்ட்ரோலர் சாப்பிடப் போகும்போதும், சிகரெட் பிடிக்கப் போகும்போதும், பெண் பார்க்கப் போனபோதும் நான்தான் அதில் உட்கார்ந்து வண்டிகளை ஓட்டியிருக்கிறேன். நாலு மாதம் முன்னால் அவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். மேனேஜரிடம் போய்க் கேட்டேன். "நாட் த ரைட் டைம்" என்றார். சரி, சரியான நேரம் வரட்டும் என்று ஒரு மாதம் விட்டுக் கேட்டேன். நெற்றியைத் தடவிக்கொண்டு "பேட் டைமிங்மா, ரொம்ப பேட் டைமிங்" என்றார், எனக்காக அவரே வருத்தப்படுகிற மாதிரி. மூன்றாம் தடவை "இன் டியூ கோர்ஸ்" வந்தது, உரிய காலத்தில் நடக்குமாம். அதைக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. இதில் எதிலுமே 'மாட்டேன்' என்ற சொல் இல்லை. மாட்டேன் என்று சொல்கிற ஆளும் இல்லை. கடிகாரம்தான் எனக்கு வேலை கொடுக்க மறுக்கிறது, அவர் பாவம் என்ன செய்வார்.

என் அம்மா பதினைந்து வயதிலிருந்து தலையில் சாந்துச் சட்டி சுமந்தவள். நானும் ஆறு வருடம் சுமந்திருக்கிறேன், உச்சந்தலையில் ஒரு இடத்தில் இன்னும் முடி அடர்த்தியாக வளரவில்லை. சாரம் சரிந்து அம்மாவின் கால் உடைந்தபோது "நம்ம நேரம்" என்றாள். மேஸ்திரி வேறு ஆளை வைத்துக்கொண்டபோதும் "நம்ம நேரம்". சாரத்தை ஒழுங்காகக் கட்டாதவன் பெயர் அவள் வாயில் வரவே இல்லை. மேனேஜருடைய இங்கிலீஷைக் கேட்கக் கேட்க எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. அம்மா வானத்தைப் பார்த்துச் சொன்னாள், அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறார். இரண்டிலும் மனுஷன் தப்பித்துக்கொள்கிறான்.

இரண்டு வாரம் முன்னால் மேனேஜர் தன் மனைவியின் தம்பியைக் கூட்டிவந்து அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். அதற்கு மட்டும் நேரம் எப்படியோ சரியாக அமைந்துவிட்டது. "ஜஸ்ட் இன் டைம் வந்திருக்கான்" என்று எல்லாரிடமும் சொன்னார். நாங்கள் அவனுக்கு மச்சினர் என்று பெயர் வைத்தோம், மரியாதையோடு. நல்ல பையன்தான், முப்பது வயதிருக்கும், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான், பிஸ்கட் பாக்கெட் பிரித்தால் முதலில் எனக்கு நீட்டுவான். இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி வரும். கான்கிரீட்டைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது. வாடிக்கையாளர் எப்போது கூப்பிட்டாலும் "ரைட் ஆன் டைம் சார்" என்பான். சொல்லிவிட்டால் வண்டி போய்ச் சேர்ந்துவிட்டது என்று நிஜமாகவே நம்பினான். அன்றைக்கு முதலாளி வருவதே அவனை நிரந்தரம் செய்து கையெழுத்துப் போடத்தான்.

அதனால்தான் அன்று விடியற்காலை செருப்பு மாட்டும்போதே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். "இன்னைக்கு முதலாளிகிட்ட நேராவே கேட்டுடப் போறேங்க."

"கேளு. ஆனா சாப்பிட்டு முடிச்சப்பறம் கேளு. பசியில இருக்கறப்ப ஆம்பளைங்களுக்குக் காது கேக்காது."

"உங்களுக்குச் சாப்பிட்டப்பறமும் கேக்காது."

"அது வேற வியாதி" என்றார்.

பத்து மணிக்கு முதலாளியின் கார் வந்தது. குள்ளமான மனுஷர், அறுபது தாண்டியிருக்கும், சட்டைப் பையில் இரண்டு பேனா. மேனேஜர் அவரைப் புதுத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டக் கூட்டிப்போனார். போகும்போது என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "உன் விஷயத்தை இன்னைக்கு எடுக்காத. திஸ் இஸ் நாட் த டைம்" என்றார். நான் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன்.

அன்று ஆறு மாடிக் கட்டடம் ஒன்றுக்கு மேல்தளம் போடுகிற வேலை. கலவையைப் பம்ப் வைத்துக் குழாய் வழியாக மேலே ஏற்ற வேண்டும். பதினெட்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று பலகையில் எழுதி, காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. பத்து இருபதுக்கு ரேடியோ கரகரத்தது. எட்டாம் நம்பர் டிரைவர். "ஆபீஸ், இங்க பம்ப் அடைச்சிடுச்சு. குழாயைக் கழட்டிக்கிட்டு இருக்காங்க. ஒரு மணி நேரமாவது ஆகும்னு பேசிக்கறாங்க."

மச்சினர் ரேடியோவைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான். பலகையில் பத்து இருபத்தாறுக்கு ஐந்தாம் நம்பர் என்று இருந்தது. போனை எடுத்து சைட் என்ஜினியரிடம் "நோ ப்ராப்ளம் சார், நெக்ஸ்ட் டிரக் ஆன் டைம்" என்றான். வைத்துவிட்டு, கீழே கலவை ஆபரேட்டருக்கு அஞ்சை நிரப்பு என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். பம்ப் அடைத்துக் கிடக்கிற இடத்துக்கு இன்னொரு வண்டி. இந்த மாதிரித் தப்பைப் பலகையை நம்புகிறவனால்தான் செய்ய முடியும். பலகைக்கு எந்தப் பம்பும் அடைக்காது.

நான் ஜன்னலைத் திறந்து, பாதி உடம்பை வெளியே விட்டு, இரண்டு கையையும் குறுக்கே போட்டு ஆட்டினேன். "நிறுத்துங்கண்ணே! தண்ணி விட்டுடாதீங்க!" ஆபரேட்டர் என்னை ஆறு வருடமாகத் தெரிந்தவர். காரணம் கேட்கவில்லை. கன்வேயர் பெல்ட் முனகிக்கொண்டே நின்றது. அந்தச் சத்தம் நின்றால் ஆலையில் எல்லாருக்கும் கழுத்து திரும்பும், தொட்டி பக்கம் நின்றவர்களுக்கும் திரும்பியிருக்கும்.

"அக்கா, என்னக்கா பண்றீங்க? நான் சொல்லிட்டேனே அவர்கிட்ட" என்றான் மச்சினர். முகம் வெளுத்துவிட்டது.

"தம்பி, கொஞ்சம் நகர்ந்து உக்காரு."

அவன் எழுந்தே நின்றுவிட்டான். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் யோசனை வராது எனக்கு, சட்டி சுமந்த காலத்துப் பழக்கம். மண்டைக்குள் மூன்று வண்டிகள் சுற்றின. எட்டாம் நம்பருக்குத் தண்ணீர் பட்டது ஒன்பது முப்பத்திரண்டுக்கு. மூன்றாம் நம்பருக்கு ஒன்பது ஐம்பதுக்கு. இரண்டும் அங்கே போய் நிற்கின்றன. பதினோராம் நம்பர் பத்து எட்டுக்கு நிரப்பிக் கிளம்பி நடு ரோட்டில். பம்ப் சரியாகும்வரை நின்றால் எட்டு செத்துவிடும், மூன்று சாகக் கிடக்கும். பதினொன்று மட்டும் தாங்கும், தாங்கவும் வேண்டும். ஏனென்றால் ஏற்கெனவே போட்ட தளத்தின் ஓரம் காய்வதற்குள் புதுக் கலவை அதன்மேல் விழவில்லை என்றால் இரண்டும் ஒட்டாது, நாளைக்கு மழை பெய்தால் அந்தக் கோட்டில்தான் ஒழுகும்.

எட்டையும் மூன்றையும் எங்கே தள்ளுவது? மத்தியானம் இரண்டு மணிக்கு வேறொரு இடத்தில் மதில் அஸ்திவாரம். அதே கலவை, பம்ப் வேண்டாம், வண்டியிலிருந்து நேராகச் சரித்துவிடலாம். பம்ப் அடைத்த இடத்திலிருந்து பன்னிரண்டு நிமிட ஓட்டம். அந்த வேலையை எடுத்திருப்பது ஒரு கான்டிராக்டர் அம்மா. கறார் மேடம் என்போம். தமிழ் தெரியாது. ஐந்து நிமிடம் முந்திப் போனாலும் திட்டுவார், பிந்திப் போனாலும் திட்டுவார். கம்பி கட்டி முடித்துவிட்டதாக முந்தின நாள் அவரே போனில் கத்தியிருந்தார்.

நம்பரைத் தட்டினேன். மச்சினர் கை நீட்டினான், "நான் பேசட்டுமாக்கா? இங்கிலீஷ்தானே?" வேண்டாம் என்று தலையாட்டினேன். இவன் பேசினால் அழகாக இருக்கும், கான்கிரீட் போய்ச் சேராது.

"மேடம், திஸ் இஸ் கான்கிரீட் ஆபீஸ். ஐ கிவ் டூ டிரக் நவ். நாட் டூ ஓ கிளாக். நவ்."

"யூ ஹேவ் பிக்ட் யுவர் மொமன்ட்!" என்றார். எழுத்தில் பார்த்தால் பாராட்டு மாதிரி இருக்கும், நல்ல நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறாய் என்று. குரலில் கேட்டால் தெரிந்துவிடும், செருப்பைக் கழற்றாத குறை. ஆட்கள் இப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தார்களாம். பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது.

எனக்கு வந்த இங்கிலீஷ் முழுவதையும் திரட்டிக்கொண்டேன். "எஸ் மேடம். பேட் டைம் ஃபார் யூ. குட் டைம் ஃபார் கான்கிரீட். ஃபிஃப்டி மினிட்ஸ் ஓல்ட். ஐ டோன்ட் லை. யூ டேக், குட் வால். யூ நோ டேக், ஐ த்ரோ."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, இருமல் மாதிரி. "செண்ட் இட்" என்றார். வைப்பதற்கு முன்னால் யாரையோ எழுந்திரு எழுந்திரு என்று விரட்டியது கேட்டது.

ரேடியோவை எடுத்தேன். "எட்டு, மூணு, ரெண்டு பேரும் அங்கேருந்து கிளம்புங்க. மதில் வேலைக்குப் போங்க. எட்டாம் நம்பர் பதினொண்ணு ரெண்டுக்குள்ள இறக்கணும், மூணாம் நம்பர் பதினொண்ணு இருபதுக்குள்ள. பதினொண்ணாம் நம்பர், நீ பம்ப்கிட்ட போய் நில்லு. கூப்பிடறவரைக்கும் டிரம்மை மெதுவா சுத்த விடு."

வீட்டில் அவரை நீங்க என்பேன், ரேடியோவில் எல்லாரும் நீதான். வண்டிக்கு ஏது மரியாதை.

"சரி ஆபீஸ்" என்றார் வீட்டுக்காரர். கொஞ்சம் விட்டு, "வெயில் ஏறுது. கொஞ்சமா தண்ணி விட்டுக்கவா?" என்றார். கலவை இறுகிப்போகும் என்று பயந்தால் டிரைவர்கள் செய்கிற திருட்டு வேலை இது. குழாயைத் திறந்து டிரம்முக்குள் தண்ணீர் விட்டால் கலவை இளகும், தளத்தின் பலம் போகும்.

"குழாய்ல கை வெச்ச, இன்னைக்கு வீட்டுக்கு வராத."

பதினாலு வண்டியிலும் அது கேட்டது. "அண்ணே, எங்க வீட்ல வந்து படுத்துக்கங்க, திண்ணை இல்ல, மொட்டை மாடி இருக்கு" என்றது ஒரு குரல். "தண்ணியே குடிக்காதீங்கண்ணே, எதுக்கு ரிஸ்க்கு" என்றது இன்னொன்று. நானும் சிரித்தேன். சிரித்துத் திரும்பினால் வாசலில் முதலாளி.

"பெல்ட்டை யார் நிறுத்தினது?"

மேனேஜர் அவருக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தார். "சார், இட்ஸ் ஜஸ்ட் பேட் டைமிங், நீங்க வந்த நேரம் பாத்து..."

"நான்தான் நிறுத்தினேன்" என்றேன். பம்பைச் சொன்னேன், மூன்று வண்டியின் வயதைச் சொன்னேன், எது எங்கே போகிறது என்று சொன்னேன். முதலாளி பலகையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"பதினொண்ணை ஏன் அங்கயே நிறுத்தி வெச்ச?"

"தளத்தோட ஓரம் காயறதுக்குள்ள ஒரு வண்டி கையில இருக்கணுங்க. இங்கேருந்து புதுசா அனுப்பினா இருபத்தஞ்சு நிமிஷம் ஓட்டம்."

"பம்ப் சரியாகலைன்னா?"

"அதைக் கொட்டித்தான் ஆகணும். பதினொண்ணு முப்பத்தெட்டு அதுக்குக் கெடு."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் டீ கொண்டுவரச் சொன்னார், முதலாளி வேண்டாம் என்றார். மச்சினர் மூலையில் நின்று நகத்தைக் கடித்தான். எட்டாம் நம்பர் இறக்கி முடித்ததாகப் பத்து ஐம்பத்தெட்டுக்குச் செய்தி வந்தது. பதினொன்று பதினாறுக்கு மூன்றாம் நம்பரும் முடித்தது. பம்ப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. கூப்பிட்டால் "கழுவிட்டு இருக்காங்க" என்றார் வீட்டுக்காரர். குரலில் தமாஷ் போய்விட்டிருந்தது. கடிகார முள் நகர்கிற சத்தம் எனக்குப் பல்லில் கேட்டது.

யோசித்துப் பார்த்தேன். பம்ப் சரியாகிவிட்டால் எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார்கள். மேனேஜர் 'ஜஸ்ட் இன் டைம்' என்பார், யாருடைய வேர்வை என்பது அந்த வார்த்தையில் இருக்காது. சரியாகாவிட்டால் பதினாலு டன்னைக் கொட்டியவள் நான். இரண்டு பக்கமும் கதவு சாத்திக்கொள்ளும். திறந்திருப்பது நடுவில் இந்தக் கொஞ்ச நேரம்தான்.

"முதலாளி, இந்த கன்ட்ரோலர் வேலை எனக்கு வேணும்."

மேனேஜர் குறுக்கே வந்தார். "என்னம்மா இது? வண்டி அங்க நின்னுட்டு இருக்கு. இதைக் கேக்க இதுதான் நேரமா?" அவசரத்தில் அவருக்கு இங்கிலீஷ் வரவில்லை.

"நல்ல நேரமாப் பாத்து மூணு தடவை கேட்டேன் சார். ஒண்ணும் நடக்கல. அதான் கெட்ட நேரத்துல ஒரு தடவை கேட்டுப் பாக்கறேன்."

முதலாளியின் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. சிரிப்பா என்று சொல்லத் தெரியவில்லை. "போன்ல இங்கிலீஷ்ல பேசணுமே" என்றார்.

"பேசறேனே."

"பேசினாங்க சார்" என்றான் மச்சினர் மூலையிலிருந்து. யாரும் அவனைக் கேட்கவில்லை. "கறார் மேடம்கிட்டயே பேசினாங்க. எனக்கெல்லாம் அங்க டயல் பண்ணவே கை வராது." மேனேஜர் அவனைப் பார்த்த பார்வைக்கு, அன்று இரவு அக்கா வீட்டில் அவனுக்குச் சோறு கிடைத்திருக்காது.

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொண்ணாம் நம்பருக்கு இன்னும் எவ்ளோ இருக்கு?"

"பதினேழு நிமிஷம்."

"இறக்க எவ்ளோ நேரம்?"

"பம்ப் நல்லா இழுத்தா பன்னெண்டு."

ரேடியோ மட்டும் இரைந்துகொண்டிருந்தது. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் இருக்கும். பிறகு பம்ப் இரைச்சலுக்கு நடுவே வீட்டுக்காரர் தொண்டை கிழியக் கத்தினார். "ஆபீஸ், இழுக்குது! இழுக்குது!"

நான் ஜன்னலுக்கு வெளியே கட்டைவிரலை உயர்த்தினேன். பெல்ட் மறுபடி ஓட ஆரம்பித்தது. ஐந்தாம் நம்பரின் சீட்டில் தண்ணீர் பட்ட நேரத்தை எழுதினேன். எழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தது. பதினொன்று முப்பத்தைந்துக்குப் பதினோராம் நம்பர் இறக்கி முடித்தது. மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு "ஜஸ்ட் இன் டைம், சார்!" என்றார். முதலாளி அதைக் காதில் போட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

கிளம்பும்போது படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "நாளைக்கு முதல் வண்டி எத்தனை மணிக்கு?"

"அஞ்சு நாப்பது."

"அஞ்சு மணிக்கு வந்துடு" என்றார். இன்னும் ஏதோ சொன்னார். அந்த நேரம் பார்த்துக் கீழே லோடர் ஒரு வாளி ஜல்லியைக் கொட்டியது. அவர் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. நான் பலமாகத் தலையாட்டிவைத்தேன். மேனேஜர் நீட்டிய வேலை நியமனக் கோப்பில் கையெழுத்துப் போட எடுத்த பேனா மூடாமலே அவர் கையில் இருந்தது. கோப்பு மேசைமேல் அப்படியே இருந்தது. அதில் கையெழுத்து விழுந்ததா, யார் பெயருக்கு என்று மேனேஜரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

மத்தியானம் பன்னிரண்டே காலுக்குப் பதினோராம் நம்பர் திரும்பி வந்தது. டிரம்மின் அடியில் கொஞ்சம் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. மிச்சத்தை வீணாக்காமல் முற்றத்தில் இருக்கிற இரும்பு அச்சில் ஊற்றிக் கல் வார்ப்பது எங்கள் வழக்கம். வீட்டுக்காரர் சரிவுத் தகட்டைத் திருப்பி ஊற்றினார், நான் மண்வாரியால் இழுத்துச் சமன் செய்தேன். வண்டியைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். சட்டை முழுக்க ஈரம்.

"தண்ணி விடலையே?"

"சத்தியமா மேல மட்டும்தான் ஊத்திக்கிட்டேன்." முகத்தைத் துடைத்தார். "சரி, கேட்டியா?"

"கேட்டேங்க."

"சாப்பிட்டப்பறமா?"

"அதுக்கு முன்னாடியே. அஞ்சு மணிக்கு வரச் சொல்லியிருக்கார்."

"வந்து? எந்த நாற்காலியில உக்காரணும்னு சொன்னாரா?"

"சொன்னார். ஜல்லி சத்தத்துல கேக்கல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது, எடைமேடையில் நின்ற டிரைவர் என்ன என்று எட்டிப் பார்க்கிற அளவுக்கு. சிரித்து முடித்து நான் அச்சுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். மேலே தண்ணீர்ப் பளபளப்பு மறைந்து சாம்பல் நிறம் மங்கத் தொடங்கியிருந்தது. இறுகிவிட்டதா பார்க்கலாம் என்று கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். நகம் வரைக்கும் இறங்கியது. அதற்குமேல் போகவில்லை.